ஐந்து மூட்டைகளும் ஒரு சாண் தையலும்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன்; வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஊசியில் நூல் கோக்க இப்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள்? நான் பேத்தியைக் கூப்பிடுகிறேன். அவள் பார்த்தும் பார்க்காமலும் ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கா கூப்ட்டே?" என்று போய்விடுகிறாள். சின்ன வயதில் எங்கள் வீட்டிலேயே நூல் கோப்பதில் நான்தான் கெட்டிக்காரி என்று சொன்னால் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவள் முறை வராமலா போகும்.

எனக்குப் பத்து வயதில் ஒரு ஆடி, ஒரு ஆவணி. அந்த இரண்டு மாதத்துச் சங்கதியைத்தான் சொல்ல வந்தேன். பருத்திப்பட்டில் ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் வீடு. யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் போய்ப் போய் வேலியோரத்துச் செடிகளெல்லாம் புழுதி நிறமாகியிருந்தன. துணி கிடைப்பது பெரும்பாடு. ரீல் நூல் என்று ஒன்று இருந்ததையே கடைக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.

எங்கள் நடு அறைச் சுவரில் ஐந்து மூங்கில் முளைகள். நைனா கயிறும் நுகத்தடிச் சாமானும் மாட்டுவதற்காக அடித்தவை. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி வந்த ஆறாம் மாதம் கயிறெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோனது. ஐந்து முளைகளிலும் ஐந்து துணி மூட்டைகள் ஏறின. ஒவ்வொன்றிலும் ஒரு கைவேலை.

முதல் மூட்டையில் கைக்குழந்தைக்கு ஒரு சின்ன அடுக்குப் போர்வை. பழைய புடவை, வேட்டிகளை நாலைந்து அடுக்காக விரித்து, நெடுக நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் வருமே, அது. இரண்டாவதில் மாட்டு வண்டியில் விரிக்க ஒரு முரட்டுப் போர்வை. மூன்றாவதில் வெள்ளை வெளேரென்று ஆள் நீளத்துக்கு ஒரு பெரிய போர்வை. அது யாருக்கு என்று சித்தி யாரிடமும் சொல்லவில்லை. நான்காவதில் கரையான்சாவடி தையற்காரர் வீட்டுக்கு இரண்டு துணிப் பொம்மைகள். ஐந்தாவதில் என் பொம்மை.

சித்தி வேலை செய்வதைப் பார்க்க நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன். அவள் கையில் ஒரு வேலையும் ஒரு நாழிகைக்கு மேல் தங்காது. காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் மடியில் ஒரு பொம்மைக் கை. அரிசி வெந்து கஞ்சி வடிப்பதற்குள் ஐந்து விரலும் தைத்துத் திருப்பியாகிவிடும். வெயில் நடுமுற்றத்துக்கு வந்ததும் வெள்ளைப் போர்வை. அது பெரியது, விரித்துப் போட இடம் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். முரட்டுத் துணியில் ஊசி இழுத்து இழுத்துக் கட்டை விரல் கன்றிப் போனால் வண்டிப் போர்வையை மடித்துவிட்டுக் குழந்தைப் போர்வையை எடுப்பாள். வெளிச்சம் மங்கினால் தையலே கிடையாது. புடவைக் கரையைப் பிரித்து நூல் உருவுவாள்.

ஆமாம், நூல் உருவுவாள். கடையில் நூல் இல்லாததற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. பழம்புடவையின் உடல் நைந்து போயிருக்கும், ஆனால் கரை கெட்டியாக இருக்கும். அந்தக் கரையிலிருந்து இழை இழையாக உருவி, தொடையில் வைத்து இரண்டிரண்டாக முறுக்கி, ஒரு புளியங்குச்சியில் சுற்றி வைப்பாள். சிவப்புக் குச்சி, கறுப்புக் குச்சி, வெள்ளைக் குச்சி. வீட்டில் இருந்தவை இரண்டே ஊசிகள். கோப்பது என் உத்தியோகம். எந்த மூட்டையைப் பிரித்தாலும் விட்ட இடத்தைத் தேட மாட்டாள். கை நேராகப் போய் அங்கே உட்காரும். நான் பின்னாளில் எத்தனையோ படித்தவர்களோடு வேலை பார்த்தேன். ஐந்து காரியத்தை ஒரே நேரத்தில் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் சிந்தாமல் நடந்த ஆளை அவளுக்கு அப்புறம் பார்க்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தி இருந்தாளே. நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. இருபது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைப் புடவையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில். நெல் அவிப்பது, வடகம் பிழிவது, மாட்டுக்குத் தவிடு, எல்லாம் அவள் உத்தரவு. அத்தைக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்று உண்டென்றால் அது பாதியில் நிற்கிற வேலை. பாதி கூட்டிய முற்றத்தைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் கண்ணெதிரில் ஐந்து மூட்டைகள் மாதக்கணக்கில் தொங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

"இன்னாம்மே இது, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஒண்ணையாச்சும் உருப்படியா முடிச்சியா நீ?"

"முடிஞ்சிடும் அண்ணி."

"எப்ப?"

"எல்லாம் ஒண்ணாத்தான் முடியும் அண்ணி."

இதை எதிர்ப்பேச்சு என்று எடுத்துக்கொண்டாள் அத்தை. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், அவள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நைனா பூந்தமல்லிக்கு வண்டி கட்டினபோது சித்தியும் நானும் தொற்றிக்கொண்டோம். கரையான்சாவடியில் இறங்கித் தையற்கார பாய் கடைக்குப் போனோம். பட்டாளத்துக்குச் சட்டை தைத்து அவர் கடை முழுக்கக் காக்கி வாசனை. கஞ்சியும் எண்ணெயும் கலந்த வாசனை அது. வெட்டு மிச்சத்தையெல்லாம் சித்திக்கென்று ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். அதற்குப் பதிலாகத்தான் அவருடைய இரண்டு பெண்களுக்குப் பொம்மை.

"துணி எத்தினி வேணா எடுத்துக்கோ தங்கச்சி. நூலு மட்டும் கேக்காத. பட்டாளத்துக்காரன் ரீலு எண்ணிக் குடுத்துகிறான், எண்ணி வாங்கிக்கறான்."

"நூலு என்னாண்ட கீது அண்ணாத்தே," என்றாள் சித்தி. வாங்கப் போன இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிற பெருமை அவளுக்கு மட்டும்தான் வரும்.

அந்த ஆடியிலேயே இன்னொன்றும் நடந்தது. நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஒருநாள் அத்தை திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வந்தபோது சித்தி பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பரணில் இருந்த புளிமூட்டை, பழந்துணிக் கட்டிலிருந்து ஒரு சாக்குக்கு மாறியிருந்தது. கேட்டதற்கு, "எலி கடிச்சிடுச்சி கண்ணு," என்றாள். புளிக்கு எது உறையாக இருந்தால் எனக்கென்ன? என் கவலையெல்லாம் என் பொம்மை.

அது அழகான பொம்மை. நீலப் பாவாடை, காக்கி மிச்சத்தில் காலுக்குச் செருப்பு, பின்னல்கூடப் போட்டாகிவிட்டது. ஆனால் வயிறு ஒட்டிக் கிடந்தது, முகத்தில் கண்ணில்லை. வாரக்கணக்கில் அப்படியே தொங்கிற்று. கரையான்சாவடிப் பொம்மைகளும் கண் மூக்கு இல்லாமல் அதே அறையில் இருந்தன. மூன்று மொட்டை முகங்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடம் "நாளைக்கு எடுத்துகினு வரேன்" என்று நான் சொன்ன நாளைகள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் பொறுக்காமல் அத்தையிடம் போய் அழுதேன்.

"சித்தி ஒண்ணையுமே முடிக்க மாட்டேங்குது அத்தே. மூணு பொம்மைக்கும் கண்ணே வைக்கல."

அத்தை இதற்காகத்தான் காத்திருந்தது போல எழுந்தாள். நான்கு மூட்டைகளை முளையிலிருந்து எடுத்தாள். நூல் குச்சிகளையும் வாரி அந்த மூட்டைகளில் ஒன்றுக்குள் திணித்தாள். எல்லாம் மரப்பெட்டிக்குள் போயிற்று, பூட்டும் விழுந்தது. என் பொம்மையை மட்டும் சித்தியின் மடியில் போட்டாள்.

"இந்தா. இத முடி. முடிச்சிட்டு வந்து அடுத்தது கேளு. அஞ்சும் முடியாம நீ தங்கச்சி வளைகாப்புக்குப் போவறதில்ல."

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன். சித்தியின் பிறந்த வீடு திருமுல்லைவாயில். தாயில்லாத வீடு. தங்கையைச் சித்தியேதான் தலைவாரி, சோறூட்டி வளர்த்தாள். அந்தத் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம்; குழந்தைப் போர்வையும் அந்தப் பிள்ளைக்குத்தான். பத்து நாளில் வளைகாப்பு. தாய் நிற்க வேண்டிய இடத்தில் நின்று முதல் வளையலைப் போட வேண்டியவள் சித்தி. அவள் போகாவிட்டால் அந்த இடத்தில் நிற்க ஆளில்லை.

"அண்ணி, ஒண்ண வச்சித்தான் ஒண்ணு கீது. பிரிச்சா நடக்காது..."

"காரணம் சொல்லாத. கைய அசை."

சித்தப்பாவும் அம்மாவும் அத்தைக்கு எதிரில் வாய் திறக்கிறவர்கள் இல்லை. நைனா வயலில். நானோ உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். இனி என் பொம்மைதானே முதலில்.

ஒரு நாள் போனது, மூன்று நாள் போனது. பொம்மை அங்குலம் நகரவில்லை. சித்தி அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அத்தை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "கெட்ட பிடிவாதம்" என்று சுவருக்குச் சொன்னாள். எனக்கும் கோபம். கை நிறைய நேரம் இருக்கிறது, ஒரே ஒரு பொம்மைதான், முடிக்க என்ன கேடு?

நாலாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சித்தி புழக்கடையில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புடவை. கறுப்புக் கரை போட்ட மாம்பழ நிறப் புடவை. வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு போக என்று துவைத்து மடித்து வைத்திருந்தாளே, அதே புடவை. அவளிடம் இருந்த ஒரே நல்ல புடவை. அதன் கரையிலிருந்து கறுப்பு இழையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சித்தி பண்ற? அது நல்ல பொடவ."

"உன் பொம்மைக்குக் கண்ணு வேணுமே கண்ணு."

"கறுப்பு நூல் குச்சி இன்னா ஆச்சி?"

"அது பொட்டியில கீது. அதுலயும் அரைக் கண்ணுக்குத்தான் நூலு. வண்டிப் போர்வைக்கு ஓரம் வெட்டனா, உங்கம்மா பழைய பொடவைக் கரை வரும். கறுப்பு. அத உருவி உன் பொம்மைக்குக் கண்ணு. கொழந்தப் போர்வைய வெட்டனா வர்ற துண்டுங்கதான் உன் பொம்மைக்கு வயிறு. வெள்ளைப் போர்வை ஓரத்துல வர்ற நூலுதான் மத்த எல்லாத்துக்கும் தையல். இப்ப நான் எதுல போயி எதப் பண்ணட்டும்?"

அழவில்லை, கோபிக்கவில்லை. உலை கொதித்தால் அரிசி போடவேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

"அப்ப அந்த ரெண்டு பொம்மை? அதுக்கும் கண்ணு வைக்கணுமே."

"அது எப்பவோ முடிஞ்சிபோச்சி. பாய் ஊட்டுல உருவத்துக்குக் கண்ணு மூக்கு வைக்க மாட்டாங்க. அதுக்குன்னு அந்தப் பொண்ணுங்க பொம்மை இல்லாம இருக்கணுமா? முக்காடு போட்டு, மொகத்த வெறுமனே வுட்டுட்டேன். வண்டி போவும்போது குடுத்துடலாம்னு கீறேன்."

முடிந்துபோன வேலையைப் போய் முடியவில்லை என்று கோள் சொல்லியிருக்கிறேன். பத்து வயதில் நமக்குப் பாவ மன்னிப்பு கேட்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். நேராக அத்தையிடம் ஓடினேன்.

"அத்தே, சித்திகிட்ட நூலே இல்ல. நல்ல பொடவையப் பிரிக்குது. எல்லாம் பொட்டியில கீது. நான் சொன்னது தப்பு அத்தே."

அத்தை அசையவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா உனுக்கு?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. என் அழுகையை நிறுத்தவோ, சித்தி செய்வதெல்லாம் வெறும் சாக்கு என்று எனக்குக் காட்டவோ, அவள் சாவியை எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தது வெள்ளைப் போர்வை.

"இதுல இன்னா நூலு கீது, காட்டு பாக்கலாம்," என்று அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து உதறினாள். பின்வெயில் மேற்கேயிருந்து சாய்ந்து முற்றத்தில் விழுகிற நேரம். அத்தை இரண்டு முனையையும் பிடித்துக் கையை உயர்த்தினாள். தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

போர்வைக்குள்ளே சிவப்பு தெரிந்தது.

மேலே வெள்ளை, கீழே வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் அரக்குச் சிவப்பு, வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கிக்கொண்டு. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் நீளம் இன்னும் தைக்கப்படாமல் திறந்திருந்தது. அந்தத் திறப்பிலிருந்து பழம்புளி வாசனை லேசாக வந்தது. அத்தை போர்வையை இறக்கினாள். அந்தத் திறப்புக்குள் இரண்டு விரலை விட்டுத் துணியைத் தடவினாள். மறுபடி தூக்கி வெயிலில் பார்த்தாள்.

அது அவளுடைய கூறைப்புடவை. அதைத்தான் வெள்ளை கட்டின அன்று புளிமூட்டைக்கு உறையாகக் கட்டிப் பரணில் போட்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் அதன் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். புளி தின்றது போக மிச்சத்தை எடுத்து, அலசி, நடு அடுக்காக வைத்திருக்கிறாள் சித்தி. அத்தைக்கு முதுகு வலி, தரையில் பாய் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

சித்தி கிணற்றடியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அத்தை திரும்பாமலே கேட்டாள்.

"இத நான் மேல போட்டுக்கலாமா?"

"மேல வெள்ளதான் அண்ணி கீது. உள்ள கீறது யாருக்குத் தெரியப் போவுது?"

அத்தை போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த மூன்று மூட்டைகளையும் எடுத்துவந்து சித்தியின் கையில் வைத்தாள். சித்தி கக்கத்தில் இடுக்கியிருந்த மாம்பழப் புடவையைப் பிடுங்கிப் பார்த்தாள். கரையில் ஒரு முழம் போயிருந்தது.

"கொசுவத்துல உள்ள போயிடும், தெரியாது," என்றாள். அத்தை மன்னிப்புக் கேட்கிற விதம் அது. புரிகிறவர்களுக்குப் புரியும்.

அடுத்த ஐந்து நாளும் எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்க்க உங்களையெல்லாம் அழைத்துப் போயிருக்கலாம். வண்டிப் போர்வையின் ஓரம் வெட்டுப்பட்டது, கறுப்பு நூல் வந்தது. குழந்தைப் போர்வை சதுரமாயிற்று, துண்டு வந்தது. அத்தை கால் நீட்டி உட்கார்ந்து கரையைப் பிரித்து இழை உருவினாள், நான் கோத்தேன், சித்தியின் கை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிற்று. மாதக்கணக்கில் நகராமல் இருந்தவை என்று நாங்கள் நினைத்தவை எல்லாம் முடிவுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வந்து, ஒன்றையொன்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. ஒன்று முடிந்ததும் மடமடவென்று மற்றவையும் முடிந்தன. என் பொம்மைக்கு வயிறு வந்தது. கடைசியாகக் கண் வந்தது. கொஞ்சம் ஒன்றரைக் கண், ஆனால் அவ்வளவு குறும்பான பார்வையை நான் எந்தப் பொம்மையிடமும் கண்டதில்லை.

வளைகாப்பன்று நைனா விடியலிலேயே வண்டி கட்டினார். புதுப் போர்வை வண்டியில் விரித்தாயிற்று. சித்தி குழந்தைப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள். கரையான்சாவடிப் பொம்மைகளை அடுத்த பயணத்தில் கொடுக்க எடுத்து வைத்திருந்தோம். என் பொம்மை என் இடுப்பில். நான்கு முடிந்துவிட்டன. வெள்ளைப் போர்வையில் மட்டும் அந்த ஒரு சாண் பாக்கி.

"அண்ணி, குடுங்கோ. இருக்கிற நூலுக்கு நாலு தையல். போட்டுட்டு ஏறிக்கறேன். அஞ்சும் முடிஞ்சாத்தான் போவணும்னு சொன்னீங்களே."

அத்தை இப்படிப்பட்ட நாளில் வண்டிக்கு எதிரே வரமாட்டாள். அந்தக் காலத்து வழக்கம். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அது அப்பிடியே இருக்கட்டும். நீ போயி வளையலப் போடு."

சித்தி போட்டாள். ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த தங்கை, அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். எல்லோரும் பிடித்து உட்கார வைத்தார்கள். முதல் வளையல் சித்தி கையால் ஏறியது. அவள் கொசுவத்துக்குள் ஒரு முழத்துக்குக் கரை இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அத்தை இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். பாதி வேலையைப் பார்த்தால் சோறு இறங்காத அதே அத்தைதான். ஆனால் அந்த ஒரு சாணை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. மத்தியானம் படுத்திருப்பாள். போர்வை கழுத்து வரை இருக்கும். கண் மூடியிருக்கும். ஒரு கை மட்டும் அந்தத் திறப்புக்குள்ளே போயிருக்கும். தூங்குகிறாள் என்று நாங்கள் சத்தம் போடாமல் நடப்போம்.

அவள் போன அன்று நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். குளிப்பாட்டிக் கிடத்தியபின், மேலே அந்தப் போர்வையைப் போடலாம் என்று நைனா சொன்னார். சித்தி எடுத்தாள். துவைத்துத் துவைத்து வெள்ளை மெலிந்து, வெயிலே இல்லாமல் சிவப்பு தெரிந்தது. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, ஊசி எடுத்துகினு வா. எனுக்கு இப்பல்லாம் கோக்கத் தெரியல."

வெள்ளை நூல் கடையில் தாராளமாகக் கிடைக்கிற காலம் அது. நான் கோத்துக் கொடுத்தேன். சித்தி அந்த ஒரு சாணையும் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"முடிச்சிட்டேன் அண்ணி," என்றாள்.